யார் சிரிச்சது? ‘தி பவர் ஆஃப் தி டாக்’ படமும் ஒரு ஹாஸ்டல் ரூமும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன். திரும்பத் திரும்ப வந்த ‘அதாவது’களை மட்டும் எடுத்துவிட்டேன்.)

வழக்கம்போல நோணாங்குப்பத்துல எங்க வீட்டு மாடி ரூம்லேருந்துதான் பேசறேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம். சுண்ணாம்பாறு போட் ஹவுஸுக்கு வந்த கூட்டமெல்லாம் திரும்பிப் போற நேரம். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி உட்கார்ந்திருக்கேன், அப்பவும் கடலூர் ரோட்டு ஹார்ன் சத்தம் உள்ள வருது. கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ஒண்ணு, இன்னிக்கு ஒரு படத்தோட கதையை க்ளைமேக்ஸ் வரைக்கும் சொல்லப் போறேன். நீங்க இன்னும் பார்க்கலன்னா, எபிசோடை நிறுத்திட்டுப் படத்தைப் பார்த்துட்டு வாங்க. நான் எங்கயும் போயிட மாட்டேன். ரெண்டாவது, இதுல ராகிங் பத்தியும் ஒரு கொலை வழக்கு பத்தியும் வரும். அது உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னா, இந்த வாரம் விட்டுடுங்க. தப்பில்ல.

துப்பாக்கியே வெடிக்காத கௌபாய் படம்

‘வெஸ்டர்ன்’னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு லயன் காமிக்ஸ். எங்க மாமா ஒரு ட்ரங்கு பெட்டி நிறைய சேர்த்து வச்சிருந்தார். டெக்ஸ் வில்லர் ஒரே குத்துல நாலு பேரைச் சாய்ப்பார். அப்பா கிட்ட கேட்டா ஜெய்சங்கர்ம்பார். 1972ல கர்ணன் இயக்கத்துல ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ன்னு தொப்பி, குதிரை, துப்பாக்கியோட படங்கள் வந்திருக்கு. என் செட்டுக்கு 2010ல வந்த சிம்புதேவனோட ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’. ஆக, நம்ம ஊர்ல மூணு தலைமுறைக்கு கௌபாய்ன்னா ஒரே அர்த்தம்தான். அவன் ஆம்பள. அடிப்பான். அழ மாட்டான்.

‘தி பவர் ஆஃப் தி டாக்’ 2021ல நெட்ஃப்ளிக்ஸ்ல வந்தது. ஜேன் கேம்பியன் இயக்கம். இதுக்காக 2022ல சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் வாங்கினாங்க. 12 பிரிவுகள்ல பரிந்துரை ஆகி, கிடைச்சது அந்த ஒண்ணுதான். தாமஸ் சேவேஜ் 1967ல எழுதின நாவல்தான் மூலம். கதை நடக்கிறது 1925, அமெரிக்காவோட மொண்டானா மாநிலம். எடுத்தது நியூசிலாந்துல. படம் முழுக்க ஒரு துப்பாக்கிச் சண்டை கிடையாது. ஆனா ரெண்டு மணி நேரமும் வயித்துல ஏதோ பிசையற மாதிரியே இருக்கும்.

கதை இதுதான். பெரிய மாட்டுப் பண்ணை, அண்ணன் தம்பி ரெண்டு பேர். அண்ணன் ஃபில், நம்ம பெனடிக்ட் கம்பர்பேட்ச். யேல் பல்கலைக்கழகத்துல படிச்சவன், ஆனா குளிக்க மாட்டான். காளைக்குக் காயடிக்கிறதைக்கூட கையுறை போடாம வெறுங்கையாலதான் செய்வான். தம்பி ஜார்ஜ் அமைதியானவன், சட்டை கசங்காம இருப்பான். ஃபில் தம்பியைக் கூப்பிடறதே ‘குண்டா’ங்கிற மாதிரிதான். ஜார்ஜ், சாப்பாட்டுக் கடையோட விடுதி நடத்தற ரோஸ்ங்கிற விதவையைக் கல்யாணம் பண்ணிக்கிறான். அவங்களுக்கு பீட்டர்னு ஒரு பையன். ஒல்லி, மெல்லிய குரல், காகிதத்துல பூ செய்வான்.

முதல் முக்கியமான காட்சி அந்தச் சாப்பாட்டுக் கடையிலதான். ஃபில் தன் ஆட்களோட வந்து உட்கார்ந்திருக்கான். மேஜையில பீட்டர் செஞ்ச காகிதப் பூ. எந்தப் பொண்ணு இதைச் செஞ்சதுன்னு ஃபில் கேட்கிறான். பீட்டர், நான்தான் செஞ்சேன்னு சொல்றான். அப்புறம் ஃபில் அந்தப் பூவை மெழுகுவத்தியில கொளுத்தி, அதுலயே சிகரெட்டைப் பத்த வைக்கிறான்.

அந்த இடத்தை நான் மூணு தடவை ரீவைண்ட் பண்ணிப் பார்த்தேன். முதல் தடவை ஃபில் முகத்தைப் பார்த்தேன். ரெண்டாவது தடவை பீட்டர் முகத்தை. மூணாவது தடவைதான் மேஜையைச் சுத்தி உட்கார்ந்திருக்கிற மத்த ஆளுங்களைப் பார்த்தேன். எல்லாரும் சிரிக்கிறாங்க. யாருக்கும் அந்தப் பையன்மேல கோபம் கிடையாது. அவன் யாருன்னே தெரியாது. ஆனா ஃபில் ஒவ்வொரு வரி பேசின பிறகும் அந்தப் பக்கம் திரும்பி, சிரிப்பு வருதான்னு பார்க்கிறான். அந்தச் சிரிப்பு வராம இருந்திருந்தா அவனுக்கு அந்தப் பூவைக் கொளுத்த வேண்டிய தேவையே இருந்திருக்காது.

இன்னிக்கு நான் பேச வந்தது இந்த மேஜையைப் பத்தித்தான்.

அடிக்காமலே அடிக்கிறது

ஃபில் படத்துல ரோஸ்மேல ஒரு தடவைகூட கை வைக்கிறதில்ல. கவர்னர் விருந்துக்கு வர்றார்னு ரோஸ் பியானோ பழகுவாங்க. ஒரு வரியில தடுமாறுவாங்க. மாடியில ஃபில் தன் பாஞ்சோ வாத்தியத்துல அதே வரியை, அவங்களைவிட நல்லா வாசிப்பான். அவங்க நிறுத்தினா நிறுத்துவான். திரும்ப ஆரம்பிச்சா ஆரம்பிப்பான். அவ்வளவுதான். விருந்து அன்னிக்கு அவங்களால வாசிக்க முடியல. கொஞ்ச நாள்ல ஒளிஞ்சு குடிக்க ஆரம்பிக்கிறாங்க.

இதை யார் கிட்டயாவது புகார் சொல்லணும்னா எப்படிச் சொல்லுவீங்க? “அவர் பாஞ்சோ வாசிச்சார்”னா? கேட்கிறவங்களே சிரிச்சுடுவாங்க. கணவர் ஜார்ஜ் நல்லவர்தான். ஆனா அவரோட நல்லதனம் எல்லாம் ரூமுக்குள்ள ஆறுதல் சொல்ற அளவுலயே நின்னுடுது.

ஃபில் இப்படி ஆனதுக்கு ஒரு காரணம் படத்துலயே இருக்கு. அவனுக்கு வேலை கத்துக்கொடுத்தவன் ப்ரான்கோ ஹென்றி. செத்துப் போயிட்டான். அவன் சேணத்தை ஃபில் இன்னும் எண்ணெய் போட்டுத் துடைக்கிறான். ஹென்றிமேல அவனுக்கு இருந்தது வெறும் மரியாதை இல்ல, காதல்னு படம் மெதுவாத்தான் நமக்குத் தெரியப்படுத்துது. அதை மறைக்கத்தான் அந்த அழுக்கு, அந்த வெறுங்கை, பீட்டர்மேல அந்தக் கேலி. தனக்குள்ள எதைப் பார்த்து பயப்படறானோ, அது எதிர்ல பீட்டர் உருவத்துல வந்து நிக்கும்போது தாங்க முடியல.

சரி, இது மொண்டானா. நம்ம ஊருக்கு வருவோம்.

இதே ரோட்டுல, கடலூர் தாண்டி

எங்க வீட்டு வாசல்ல போற இந்தக் கடலூர் ரோட்டுல அப்படியே தெற்கே போனா, கடலூரைத் தாண்டி சிதம்பரம். அங்க அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அதோட ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில 1996ல முதலாமாண்டு சேர்ந்த பையன் பொன்.நவரசு. அப்பா பொன்னுசாமி அப்போ சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அந்த வருஷம் நவம்பர் 6ஆம் தேதி ஹாஸ்டல்லேருந்து பையன் காணாமப் போறான். கொலை செய்யப்பட்டான்னு அப்புறம் தெரியுது. கைதானது அதே கல்லூரியோட சீனியர் மாணவர் ஒருத்தர். ராகிங்கும், அதுக்கு நவரசு பணியாததும்தான் காரணம்ங்கிறது அரசுத் தரப்பு வழக்கு.

உடல் எப்படி, எங்கெங்க கிடைச்சதுங்கிறதை நான் சொல்லப் போறதில்ல. உங்க அப்பா அம்மா தலைமுறையைக் கேளுங்க, அது மட்டும்தான் அவங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்க வீட்லயும் அப்படித்தான். நான் காலேஜ் கிளம்பற அன்னிக்கு பாட்டி அந்த விவரத்தைச் சொல்லித்தான் பயமுறுத்தினாங்க.

வழக்கு கடலூர் செஷன்ஸ் கோர்ட்ல நடந்தது. 1998 மார்ச்ல ஆயுள் தண்டனை. 2001ல சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செஞ்சது. நேரடி சாட்சி இல்லாத வழக்கு, சந்தர்ப்ப சாட்சியங்கள்தான். அரசு மேல்முறையீடு போச்சு. 2011 ஏப்ரல் 20ஆம் தேதி உச்சநீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செஞ்சு, ஆயுள் தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தது. ‘தமிழ்நாடு அரசு எதிர் ஜான் டேவிட்’ங்கிறது அந்தத் தீர்ப்போட பேர். பையன் போய் பதினாலு வருஷம் தாண்டிடுச்சு.

அந்தச் சாவோட அதிர்ச்சியிலதான் தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டம் வந்தது. 1997. நான் பிறந்த வருஷம். நானும் அந்தச் சட்டமும் ஒரே வயசு. ரெண்டு வருஷம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். தண்டனை உறுதியானா கல்லூரியை விட்டு நீக்கம், வேற கல்லூரியிலயும் சேர முடியாது.

அதே 1997ல இலங்கையில, பேராதனைப் பல்கலைக்கழகத்துல பொறியியல் படிக்க வந்த தமிழ் மாணவர் வரப்பிரகாஷ், ராகிங்கால சிறுநீரகம் செயலிழந்து இறந்து போனார். 1998ல அங்கேயும் சட்டம் வந்தது. ராகிங்குக்கு ஈழத்தமிழ்ல ஒரு சொல் இருக்கு. பகிடிவதை. பகிடின்னா கேலி, ஜோக். அந்த ஒரு சொல்லுக்குள்ள நான் இவ்வளவு நேரம் சுத்திச் சுத்திச் சொன்னது இருக்கு. வதைக்கிறவன் தனியா வதைக்கிறதில்ல. பக்கத்துல யாராவது சிரிக்கணும். சிரிக்க ஆள் இருந்தாத்தான் அது பகிடி.

“நாங்க அப்படியா பண்ணோம்?”

2009 மார்ச்ல இமாச்சலப் பிரதேசத்துல அமன் கச்ரூங்கிற மருத்துவ மாணவர் சீனியர்கள் அடிச்சு இறந்தார். அதே வருஷம் யுஜிசி நாடு முழுக்க விதிமுறைகள் கொண்டுவந்தது. 24 மணி நேர உதவி எண் வந்தது. வருஷா வருஷம் நீங்களும் உங்க அப்பா அம்மாவும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீங்களே ஒரு உறுதிமொழிப் பத்திரம், அதுவும் இதுலேருந்து வந்ததுதான். நாங்க அதை எப்படி நிரப்பினோம் தெரியுமா? ஹாஸ்டல்ல ஒரே லேப்டாப்புல வரிசையா உட்கார்ந்து, சிரிச்சுக்கிட்டே. ஜூனியரை விட்டு எங்க ஃபார்மை நிரப்ப வச்ச ஆளுங்களும் உண்டு. ராகிங் பண்ண மாட்டேன்ங்கிற ஃபார்மை, ராகிங் பண்ணி நிரப்பினோம்.

நவரசு பேரைச் சொல்லும்போதெல்லாம் எங்க எல்லாருக்கும் ஒரு நிம்மதி இருந்தது. கேட்க அசிங்கமா இருக்கும், ஆனா அதுதான் உண்மை. ராகிங்ன்னா அது. கொலை. நாங்க பண்றது சும்மா ஜாலி. “நாங்க அப்படியா பண்ணோம்?” அவ்வளவு பெரிய கொடூரத்தை ஞாபகத்துல வச்சுக்கிட்டதாலயே, நாங்க பண்ணதெல்லாம் எங்க கண்ணுக்குத் தூசு மாதிரி ஆயிடுச்சு.

இந்த எபிசோடுக்காகத்தான் அந்த 1997 சட்டத்தை முதல் தடவையா உட்கார்ந்து படிச்சேன். சின்னச் சட்டம், ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிஞ்சுடும். ராகிங்ன்னா என்னன்னு அதுல இருக்கிற விளக்கத்துல அடி, காயம் மட்டும் இல்ல. கேலி பண்றது இருக்கு. வெட்கப்பட வைக்கிறது, கூனிக்குறுக வைக்கிறது இருக்கு. ஒரு மாணவன் சாதாரணமா தானா விரும்பிச் செய்யாத ஒண்ணைச் செய்யச் சொல்றது இருக்கு. யுஜிசி விதிகள்ல இன்னும் ஒண்ணு. ராகிங்குக்கு உடந்தையா இருக்கிறதும் குற்றம். யார் பண்ணதுன்னு கண்டுபிடிக்க முடியலன்னா கூட்டா எல்லாருக்கும் தண்டனை கொடுக்கலாம். அந்த மேஜை சட்டத்துக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல.

அந்த ரூம்ல நான்

இப்போ என் கதை. காலேஜ் பேரைச் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ், அவ்வளவு போதும்.

ஃபர்ஸ்ட் இயர்ல எனக்கும் நடந்தது. சீனியரைப் பார்த்தா ‘சார்’னு சொல்லணும். முகத்தைப் பார்க்கக் கூடாது, சட்டையோட மூணாவது பட்டனைத்தான் பார்க்கணும். தீக்குச்சியை வச்சு ரூமோட நீள அகலம் அளக்கச் சொன்னாங்க. டேபிள் ஃபேன்கிட்ட காதல் சொல்லச் சொன்னாங்க. ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒத்தைக் கால்ல நிக்க வச்சாங்க. மறுநாள் அப்பா ஃபோன் பண்ணி, “எப்படிடா இருக்கு?”ன்னார். “ஜாலியா இருக்குப்பா. எல்லாருக்கும் நடக்கிறதுதான”ன்னேன். ஃபோனை வச்சுட்டு பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

ஒரு மாசம் கழிச்சு அதே சீனியர்ல ஒருத்தர் தோள்ல கை போட்டு, கேட்டுக்கு வெளிய கூட்டிட்டுப் போய் டீ வாங்கிக் கொடுத்தார். “தாங்கிட்டடா. இப்பத்தான்டா நீ ஆம்பள”ன்னார். உங்ககிட்ட மறைக்க விரும்பல, அந்த டீ எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. அதுவரைக்கும் நடந்தது எல்லாத்துக்கும் அந்த டீ ஒரு பதில் மாதிரி இருந்தது. அவர் எனக்கு ப்ரான்கோ ஹென்றி. அவர் சொன்னதை நான் எண்ணெய் போட்டுத் துடைச்சு வச்சுக்கிட்டேன்.

செகண்ட் இயர்ல ஒரு பையன் வந்தான். மெல்லிய குரல். துணியை மடிப்புக் கலையாம அடுக்கி வைப்பான். காலையில முகத்துக்குப் பவுடர் போட்டுத் தலை சீவி, கண்ணாடியில ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் கிளம்புவான். ஒரு நாள் ராத்திரி எங்க ரூமுக்குக் கூப்பிட்டாங்க. நாங்க ஆறு பேர். “காரிடார்ல நடந்து காட்டு”ன்னாங்க. நடந்தான். விசில் அடிச்சாங்க. “திரும்பி வா”ன்னாங்க. வந்தான்.

நான் விசில் அடிக்கல. அவனைத் தொடல. கெட்ட வார்த்தை பேசல. நான் ஒரு பேர் மட்டும் வச்சேன். அவனோட நடையையும் ஒரு நடிகையோட பேரையும் கோத்து ஒரு பேர். டைமிங் ரொம்ப நல்லா இருந்தது. அஞ்சு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஒருத்தன் கட்டிலேருந்து கீழயே விழுந்துட்டான். அந்த ஹாஸ்டல்ல எனக்குன்னு ஒரு இடம் கிடைச்சதா நான் உணர்ந்த முதல் ராத்திரி அதுதான். நான் பேசினா நாலு பேர் சிரிப்பாங்கன்னு எனக்குத் தெரிஞ்ச ராத்திரி. இன்னிக்கு இந்த மைக் முன்னாடி உட்கார்ந்து பேசற தைரியம் எங்கேருந்து வந்ததுன்னு யோசிச்சா, அந்த ரூம் வரைக்கும் போகுது. இதை உங்ககிட்ட சொல்லாம இந்த பாட்காஸ்டைத் தொடர எனக்கு மனசு வரல.

அந்தப் பேர் ஒரே வாரத்துல ஹாஸ்டல் பூரா பரவிடுச்சு. மெஸ்ல பரிமாறுற அண்ணன்கூட அதைச் சொல்லித்தான் கூப்பிட்டார். நாலு வருஷமும் அவனுக்கு அதுதான் பேர். செகண்ட் இயர்ல அவன் ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டு, தினமும் ரெண்டு மணி நேரம் பஸ்ல வர ஆரம்பிச்சான். அப்போ நான் அதையும் இதையும் சேர்த்தே பார்க்கல.

படத்துலயும் அப்படி ஒரு காட்சி வருது. பண்ணை ஆட்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்க, பீட்டர் அவங்க நடுவுல நடந்து போறான். விசில், கேலி. மரத்துல ஒரு பறவைக் கூட்டைப் பார்த்துட்டு, அதே வழியா, அதே வேகத்துல திரும்பி நடந்து வர்றான். அந்த இடத்துல நான் லேப்டாப்பை மூடிட்டேன். மீதிப் படத்தை நாலு நாள் கழிச்சுத்தான் பார்த்தேன்.

பீட்டர் செஞ்சது, பரியன் செஞ்சது

மீதிக் கதை. ஃபில் பீட்டர்கிட்ட நெருக்கமாகிறான். தோலைப் பின்னி அவனுக்காக ஒரு கயிறு செய்யறான். தனக்குக் கிடைச்சதை அவனுக்குக் கொடுக்கணும்னு நினைக்கிறான். பீட்டர் மருத்துவம் படிக்கிறவன். ஆந்த்ராக்ஸ் நோயில செத்த மாட்டோட தோலைக் கையுறை போட்டு அறுத்து வச்சிருக்கான். ஃபில் கையில வெட்டுக்காயம் இருக்கிறதும் அவனுக்குத் தெரியும். கயிறு முடிக்கத் தோல் பத்தலன்னு வரும்போது அதைக் கொடுக்கிறான். ஃபில் செத்துப் போறான். அம்மாவும் ஜார்ஜும் கட்டிப்பிடிச்சு நிக்கிறதை பீட்டர் ஜன்னல் வழியாப் பார்த்துச் சிரிக்கிறான். அது ஒண்ணுதான் அவன் சிரிப்பு.

முதல் தடவை எனக்குத் திருப்தியா இருந்தது. செத்தான்டா வில்லன். ரெண்டாவது தடவை பார்க்கும்போது அந்தத் திருப்தி வரல. ஒரு சின்னப் பையன் தன் அம்மாவைக் காப்பாத்தக் கொலை செய்ய வேண்டியிருக்கு. அந்த வீட்ல ஜார்ஜ் இருக்கார், வேலைக்காரங்க இருக்காங்க, பத்துப் பதினஞ்சு பண்ணை ஆட்கள் இருக்காங்க. அவங்கள்ல ஒருத்தர் ஒரு நாள் “போதும் நிறுத்து”ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லியிருந்தா, அந்தத் தோலை அறுக்க பீட்டர் மலைக்குப் போயிருக்க மாட்டான்.

இதுக்குப் பக்கத்துல ‘பரியேறும் பெருமாள்’ படத்தை வச்சுப் பாருங்க. 2018, மாரி செல்வராஜ். பரியனோட அப்பா கூத்துல பெண் வேஷம் கட்டறவர். காலேஜ் பசங்க அவர் வேட்டியை உருவி ரோட்டுல ஓட விடறாங்க. அங்கயும் சிரிப்பு இருக்கு. ஆம்பளத்தனத்தைச் சொல்லி அவமானப்படுத்தறது அங்கயும் இருக்கு. ஆனா அடியில இருக்கிறது சாதி. என் ஹாஸ்டல் கதையையும் இதையும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு மாசத்துல டீ வாங்கிக் கொடுத்து உள்ள சேர்த்துக்கிட்டாங்க. பரியனுக்கு அந்த டீ கிடைக்காது. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில, பள்ளியில தனக்கு நடந்ததைப் புகார் சொன்ன பட்டியலினப் பையனை, கூடப் படிச்சவங்களே வீடு புகுந்து அரிவாளால வெட்டினாங்க. தடுக்க வந்த தங்கையையும் விடல. அதுக்கப்புறம் நீதிபதி சந்துரு தலைமையில குழு போட்டு, 2024 ஜூன்ல அறிக்கை வந்தது. புகார் கொடுன்னு நாம ரொம்பச் சுலபமாச் சொல்லிடறோம். கொடுத்தவன் அன்னிக்கு ராத்திரி எந்த வீட்டுக்குத் திரும்பிப் போறான்னும் யோசிக்கணும்.

பரியன் யாரையும் கொல்லல. கடைசியில நேருக்கு நேர் பேசறான். ஆனா பேசவும் கேட்கவும் அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்காரணும்ல? இந்த யோசனையிலதான் நான் அந்த ஜூனியரைத் தேடினேன்.

பதினோரு நிமிஷம்

லிங்க்ட்இன்ல கிடைச்சான். இப்போ பெங்களூர்ல வேலை. நான் வேலை பார்க்கிற அதே மாதிரி ஒரு கம்பெனி. மெசேஜ் எழுத மூணு நாள் ஆச்சு. எழுதறது, அழிக்கிறது. கடைசியில நாலு வரி. நான் யார், அந்த ராத்திரி நான் என்ன பண்ணேன், மன்னிப்புக் கேட்கிறேன், பதில் போடணும்னு அவசியமில்ல.

ரெண்டு நாள் கழிச்சு அவனே ஃபோன் பண்ணான். பதினோரு நிமிஷம் பேசினோம். “அய்யோ விடுங்கண்ணா, எல்லாருக்கும் நடந்ததுதான”ன்னான். எங்க அப்பாகிட்ட நான் சொன்ன அதே வரி. நான் எதுவும் சொல்லல. அவனும் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லல. அப்புறம் சொன்னான். “போன வருஷம் எனக்குக் கல்யாணம் ஆச்சுண்ணா. காலேஜ் பசங்க யாரையும் கூப்பிடல. மேடையில ஏறி எவனாவது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுருவானோன்னு.”

நான் ‘சாரி’ன்னேன். அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு தெரியல. “நீங்க ஒருத்தர் இல்லண்ணா, ஆறு பேர் இருந்தீங்க”ன்னான். கோபமாச் சொல்லல. கணக்குச் சொல்ற மாதிரி சொன்னான். இதை எபிசோடா பேசலாமான்னு கேட்டேன். “பேசுங்க. பேரை மட்டும் சொல்லாதீங்க”ன்னான். அப்புறம், “ரெண்டு பேரையும்”னான்.

அதனால ரெண்டு பேரையும் நான் சொல்லல. மத்த அஞ்சு பேருக்கும் இந்த எபிசோடு லிங்கை அனுப்பப் போறேன். ரெண்டு பேர் கூடத் தினமும் வாட்ஸ்அப்ல பேசறேன். அந்த க்ரூப்ல இன்னமும் அந்தப் பேர் எப்பவாவது வரும், சிரிக்கிற எமோஜியோட. இதுவரைக்கும் நானும் அதை அழிக்கச் சொன்னதில்ல.

இதைக் கேட்கிறவங்கள்ல நிறைய பேர் இப்போ செகண்ட் இயர், தேர்ட் இயர் படிக்கிறீங்கன்னு உங்க மெயில் எல்லாம் பார்த்தாலே தெரியுது. ஃபர்ஸ்ட் இயர் பசங்க வர்ற நேரம். உங்கள்ல யாரும் நவரசு வழக்குல வந்த மாதிரி ஒண்ணைச் செய்யப் போறதில்ல. அது எனக்குத் தெரியும். ஆனா ஒரு ரூம்ல நாலஞ்சு பேரோட உட்கார்ந்திருப்பீங்க. ஒருத்தன் நல்லா ஜோக் அடிப்பான், என்னை மாதிரி. அப்போ அவன் உங்க முகத்தைத்தான் பார்ப்பான். கூட சண்டை போட முடியலன்னாலும் பரவாயில்ல. சிரிக்காதீங்க. “டேய் போதும், அவன் தூங்கப் போகட்டும்”னு எழுந்து கதவைத் திறந்து விடுங்க. அந்த ராத்திரி ஆறு பேர்ல ஒருத்தர் அதைச் செஞ்சிருந்தா எனக்கும் நல்லா இருந்திருக்கும்.

நீங்க அந்தக் காரிடார்ல நடக்கிறவங்களா இருந்தா, யுஜிசி உதவி எண் 1800-180-5522. 24 மணி நேரமும் உண்டு. அதுக்கும் முன்னாடி, வீட்ல யாராவது ஃபோன் பண்ணி “எப்படி இருக்கு?”ன்னு கேட்டா, “ஜாலியா இருக்கு”ன்னு சொல்லாதீங்க. நான் சொன்னேன்.

அந்த மாதிரி ஒரு மேஜையில, ஒரு ரூம்ல நீங்க இருந்திருந்தா எனக்கு எழுதுங்க. வாசிக்கச் சொன்னாத்தான் வாசிப்பேன், பேர் எதுவும் வராது. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.